இழுப்பு மருந்தும் இதயத் துடிப்பும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசும் மேடையில் மருந்தைப் பற்றிப் பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாய் இறங்கும் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் தூசியிலே வாழ்பவர்கள் நாம். இழுப்புக்கான நீலக் குழல் நம் காலனிக்குப் புதிதன்று.

அதிலுள்ள மருந்து சால்புட்டமால். 1969இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம். சில நிமிடங்களில் மூச்சுக்குழாய்த் தசை தளரும். பயன் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். கை நடுக்கமும் படபடப்பும் சிலருக்கு வரும். பெரும்பாலும் தாமே தணியும். குழல் பழகினால் விடாது, மாத்திரையே மேல் என்பார் நம்மிடையே உளர். 4 மில்லிகிராம் மாத்திரையொன்று 40 அழுத்தல்களின் மருந்தை உடலெங்கும் அனுப்புகிறதே, அதை அவர் எண்ணுவதில்லை!

இதற்கு முன்னிருந்த ஐசோப்ரினலின் குழல் கடுமையானது. 1960களில் இங்கிலாந்தில் ஆஸ்த்துமாவால் இளவயதினர் பலர் இறந்தனர். மருந்தின் கடுமையா, அதை நம்பி வைத்தியரிடம் காலந்தாழ்த்திச் சென்றதா என்பதில் ஆய்வாளர் கருத்து வேறுபடுகின்றனர்.

இனி, உடன் உண்ணும் மருந்துகள். இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரப்படும் ப்ரொப்ரனலால், இக்குழல் திறக்கும் வாயிலையே அடைப்பது, இழுப்பையும் எழுப்பவல்லது. கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. கண்ணில் விடுவது மார்பை எட்டுமா என்பீர்கள். எட்டும்; கண்ணீர்க் குழாய் வழியே மூக்கில் இறங்கி இரத்தத்தில் கலக்கும். ஆயினும் இதய மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. வைத்தியரே மாற்றித் தரவேண்டும்.

நீர் பிரியத் தரும் மாத்திரை, தியோஃபிலின், ஸ்டீராய்டு ஆகியவற்றோடு சால்புட்டமாலை மிகுதியாய்ச் சேர்த்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். இதயத் துடிப்பு தாளம் தவறும். முதியோர் வீட்டில் இம்மூன்றும் ஒரே டப்பாவில் கிடப்பது வழக்கமாயிற்றே! வைத்தியரிடம் செல்லுங்கால் அந்த டப்பாவையும் கண் மருந்துப் புட்டியையும் கையோடு கொண்டு செல்லலாம்.

ஆஸ்த்துமாவுக்கு நீலக் குழல் மட்டும் போதாது என்று 2019இல் உலக ஆஸ்த்துமா நெறிமுறை கூறிற்று. வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டுக் குழல் உடன் வேண்டும். ஒரு நீலக் குழலில் 200 அழுத்தல்கள். ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே கடும் இழுப்புக்கு வழி. பன்னிரண்டு தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து மிகும் என்று அந்நெறிமுறை எச்சரிக்கிறது. வீட்டிலுள்ள வெற்றுக் குழல்களை இன்றிரவே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.