பொன் விளையாத பொன்னகரம் – கில்வா

தான்சானியாவின் பெருநகரமான தார் எஸ் சலாமிலிருந்து கரையோரமாகத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போனால் கில்வா மசோக்கோ என்ற சிற்றூர் வரும். அங்கே படகேறினால் சற்று நேரத்தில் கில்வா கிசிவானி தீவு. கரையெங்கும் அலையாத்திக் காடு, மீன்பிடி ஓடங்கள், மன்னாரில் நிற்கிறதே அதே பெருக்க மரம், இடையிடையே கூரை இழந்த கற்சுவர்கள். நேயர்களே, 14ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் செல்வச் செழிப்பு மிக்க துறைமுகங்களில் முதன்மையானது இந்தச் சின்னத் தீவுதான்.

பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்த அலி இப்னு அல் ஹசன், தீவைச் சுற்றி வளைக்கும் அளவு துணி கொடுத்து இதை விலைக்கு வாங்கினார் என்று ஒரு பழங்கதை உண்டு. கதை அழகானது. ஆனால் அகழாய்வு சொல்வது வேறு: ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டிலேயே இங்கே ஊர் இருந்தது. நகரை வளர்த்தவர்கள் இந்தக் கரையின் சுவாஹிலி மக்கள்.

அந்த வளர்ச்சிக்கு அடிப்படை தங்க வணிகம். ஆனால் தீவில் தங்கம் கிடையாது. அது பல நூறு கிலோமீட்டர் தெற்கே, இன்றைய ஜிம்பாப்வேயின் மேட்டுநிலத்தில் எடுக்கப்பட்டு, மொசாம்பிக் கரையிலுள்ள சொஃபாலா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கில்வாவின் கையில் இருந்தது காற்று. குஜராத்திலிருந்தும் அரேபியாவிலிருந்தும் துணியும் மணிகளும் ஏற்றிய கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே இறங்கும். தென்மேற்குக் காற்று எழுந்ததும் ஊர் திரும்பும். ஒரே பருவத்தில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தின் எல்லை கில்வாவை ஒட்டி முடிந்துவிடுகிறது. அதற்கும் தெற்கே சொஃபாலா வரை போகிறவன் இன்னொரு பருவம் காத்துக் கிடக்க வேண்டும். அந்த மிச்சத் தூரத்தைக் கில்வாவின் ஓடங்களே ஓடின. தங்கத்துக்கும் தந்தத்துக்கும் துணிக்கும் இடையே நின்று, வரி வாங்கி வளர்ந்தது நகரம்.

அந்த வளத்தைப் பெரிய பள்ளிவாசலில் கண்ணாரப் பார்க்கலாம். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல், ஈரமாக இருக்கும்போது மென்மையாகச் செதுக்க வரும், காற்றுப்பட்டால் இறுகிவிடும். அந்தக் கல்லாலும், பவளத்தைச் சுட்ட சுண்ணாம்பாலும் எழுந்த கட்டடம் இது. 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பின்னர் வந்த சுல்தான்கள் விரித்துக் கட்டினார்கள். தூண்களுக்கு மேல் குவிமாடங்களும் வளைகூரைகளும் வரிசையாக நிற்கின்றன. கூரைகளில் சிலவற்றில் சீனப் பீங்கானைப் பதித்து அழகு பார்த்திருக்கிறார்கள்.

கிழக்கே, கடலைப் பார்த்த பாறைமேட்டில் ஹுசுனி குப்வா அரண்மனை. சுல்தான் அல் ஹசன் இப்னு சுலைமான் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டத் தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட அறைகள், முற்றங்கள், சரக்கு வைக்கும் கிடங்குகள், எண்கோண வடிவில் ஒரு நீராடும் குளம். வேலை முழுதாக முடியவே இல்லை. 1331இல் இங்கே வந்த பயணி இப்னு பதூதா இந்தச் சுல்தானின் கொடைக்குணத்தைப் புகழ்ந்து எழுதினார். இதே சுல்தானின் பெயர் பொறித்த நாணயம் ஒன்று, தங்கம் வந்த வழியிலேயே உள்நாட்டில் இருக்கும் கிரேட் ஜிம்பாப்வே கல்நகரத்தில் கிடைத்திருக்கிறது. அந்த நாணயத்தைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

வீழ்ச்சியைப் போர்த்துகீசியர் தலையில் மட்டும் கட்டுவது வழக்கம். 1502இல் வாஸ்கோ ட காமா மிரட்டிக் கப்பம் வாங்கியதும், 1505இல் பிரான்சிஸ்கோ டி அல்மேய்தா நகரைச் சூறையாடிக் கோட்டை கட்டியதும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே ஊர் தளர்ந்திருந்தது. 15ஆம் நூற்றாண்டில் கிரேட் ஜிம்பாப்வே வெறிச்சோடியது. அதிகாரம் வடக்கே முத்தப்பா அரசுக்கு மாற, வணிகத்தின் ஒரு பகுதி சாம்பெசி ஆற்றுப் பக்கம் திரும்பியது. சொஃபாலாவுக்கு வரும் சரக்கு குறைந்தால் கில்வாவுக்கு ஏது வரி? அரியணைச் சண்டைகள் வேறு. கொள்ளையடித்த போர்த்துகீசியருக்கும் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 1512இல் கோட்டையை விட்டுப் போனார்கள்.

18ஆம் நூற்றாண்டில் தீவு மறுபடி தலையெடுத்தது, கொடிய வழியில். 1776இல் கில்வா சுல்தான், மொரீஸ் என்ற பிரெஞ்சு வணிகருக்கு ஆண்டுதோறும் ஆயிரம் அடிமைகளைத் தர உடன்பட்டார். இந்தியப் பெருங்கடல் தீவுகளின் தோட்டங்களுக்குப் போன அந்த மனிதர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. தீவின் அழகைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 1840களில் ஓமானியர்கள் கடைசி சுல்தானை அகற்றினார்கள்.

யுனெஸ்கோ 1981இல் கில்வாவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கடல் அரிப்பும் பராமரிப்பின்மையும் மிரட்டவே, 2004இல் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்ந்து, சீரமைப்புக்குப் பின் 2014இல் வெளியே வந்தது. அலையாத்திகள் அழிந்த இடத்தில் அலை நேராகச் சுவரை அடிக்கிறது என்பதால், அந்த மரங்களைக் காப்பதும் இடிபாடுகளைக் காக்கும் வேலையாகிவிட்டது. போக விரும்புகிறவர்கள் மழை குறைந்த ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். படகேறுமுன் மசோக்கோவில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.