அவரைக்காயும் மொச்சைக்கொட்டையும்



அவரையைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பன்னிரண்டு வயதில் நானும் அவ்வாறே எண்ணினேன். அதன் பயனாக எங்கள் வீட்டார் ஒரு பானை மொச்சையை இழந்தனர். அக்கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர் மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். நம் நாட்டில் அவரைக்காயைப் 'பிராட் பீன்ஸ்' என்று ஆங்கிலத்தில் சொல்வோர் பலர். ஐரோப்பியர் அப்பெயரால் குறிப்பது வேறொரு பேரினத்தைச் சேர்ந்த செடி.

நம்முடைய அவரை தமிழ் மண்ணில் பழமையானது. தினை கொய்த தாளிடையே அவரைக்கொடி கடும்பனிக் காலத்தில் பூப்பதைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் பாடியிருக்கிறார். அது வெறும் அழகுரையன்று. ஆடியில் விதைத்த கொடியவரை பந்தல் நிறையப் படர்ந்தும் பூவாது நிற்கும். பகல் குறுகி இரவு நீண்ட பின்னரே பூக்கும். அக்கட்டுப்பாடு இல்லாத செடியவரை வகைகளைப் பிற்காலத்தில் ஆய்வாளர் உருவாக்கினர்.

கடையில் காய் வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். 'படக்'கென்று ஒடிந்தால் இளங்காய். வளைந்து கொடுத்தால் வாடியது. விதை புடைத்த காய் முற்றியது, நார் மிகுந்திருக்கும். துளையுள்ள காயினுள் புழு இருக்கலாம். வாங்கிய காயை ஈரத்துடன் மூடி வைத்தால் அழுகும். சமைக்கும் வேளையில் கழுவி, அதன் பின்னரே நறுக்குதல் நன்று.

பசுங்காயில் பெரும்பகுதி நீரே. முற்றி உலர்ந்த மொச்சையிலோ எடையில் ஏறக்குறைய கால்பங்கு புரதம். அரிசியில் குறைவாயுள்ள லைசீன் மொச்சையில் மிகுதி. மொச்சையில் குறைவாயுள்ள மெதியோனினை அரிசி ஈடுசெய்கிறது. ஆகவே மொச்சைக் குழம்பும் சோறும் நல்ல இணை. ஆனால் உலர்ந்த மொச்சையைப் பச்சையாகத் தின்னலாகாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருளும், சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருளும் அதில் உண்டு. இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, வேறு நீரில் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

இனி என் கதை. அவ்வாண்டு மாசியில், மொச்சையை மூன்று நாள் வெயிலில் காயவைக்கும்படி அன்னையார் என்னிடம் பணித்தார். நானோ ஒரு பிற்பகலோடு வேலையை முடித்து, பானையில் கொட்டி மூடிவிட்டு விளையாடப் போனேன். ஆனியில் பானையைத் திறந்தால் உள்ளே மாவும் வண்டும்! ஒவ்வொரு கொட்டையிலும் ஊசியால் குத்தியதுபோல் வட்டத் துளை. வயலில் காய் முற்றும்போதே வண்டு முட்டையிடுகிறது. புழு விதைக்குள் புகுந்து ஒளிந்தபடியே களஞ்சியத்துக்கு வந்து சேர்கிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை. நன்றாகக் காய்ந்த விதையில் அதன் பெருக்கம் குன்றும். நான் ஈரம் போகாத விதையையன்றோ அதற்கு விருந்தாக வைத்தேன்!

ஆடியில் ஊன்ற விதையில்லை. அடுத்த வீட்டுப் பாட்டியிடம் கையேந்தினோம். அவர் பானையில் ஒரு வண்டுகூட இல்லை. செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து, விதையை அதில் புரட்டி, கலகலவென்று ஒலிக்கும்வரை உலர்த்தி வைத்திருந்தார். மண்பூச்சு, வண்டு விதைமேல் முட்டையை ஒட்டாமல் தடுக்கிறது. நுண்மண் அதன் உடலின் மெழுகுப் பூச்சைத் தேய்ப்பதால் வண்டு ஈரமிழந்து மடிகிறது. இவ்விளக்கத்தை நான் கல்லூரியில்தான் கற்றேன்.

"கழுவிவிட்டு ஊன்றட்டுமா, பாட்டி?" என்று கேட்டேன். "எதற்கப்பா? மண்ணுக்குள்தானே போகப்போகிறது!" என்று சொல்லி, இரண்டு கைப்பிடி அள்ளி என் துண்டில் போட்டார்.