மீன்தொட்டியில் உப்பு



'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் இல்லங்களிற் பழகிய மொழி. அடுப்பங்கரைக்கு அது முற்றும் பொருந்தும். கண்ணாடித் தொட்டியில் நன்னீர் மீன் வளர்க்கும் அன்பர் சிலர் அதனை மீனுக்கும் பொருத்திவிடுகின்றனர். கிழமைக்கு ஒரு பிடி உப்பு இட்டால் மீனை நோய் அணுகாது என்பது அவர்கள் ஒருவருக்கொருவர் கூறிக்கொள்ளும் அறிவுரை. யானும் அதனைக் கேட்டு நடந்தவன். அதனால் நேர்ந்த இழப்பே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று.

என் தொட்டியில் ஒன்பது சிறு மீன்கள் இருந்தன. சிங்களத்தில் 'லே தித்தயா' என்றும், கடைகளில் 'செரி பார்ப்' என்றும் வழங்கும் இனம் அது. இலங்கைக்கே உரிய இம்மீனை 1929ஆம் ஆண்டில் தெரணியகல அவர்கள் விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். ஈரவலயத்து மரநிழலில், மென்மையான நீர் ஓடும் சிற்றோடைகளே இதன் பிறப்பிடம். தொட்டி நீர் வெயிற்காலத்தில் வற்றும். வற்றிய அளவுக்குப் புதுநீர் வார்ப்பேன். கூடவே ஒரு பிடி உப்பும் இடுவேன். மூன்றாம் மாதத்தில் மீன்கள் செட்டைகளை ஒடுக்கி மூலையில் நின்றன. இரண்டு இறந்தன. நோய் வந்துவிட்டதென எண்ணி, இன்னும் ஒரு பிடி உப்பைக் கூட்டினேன். மறுநாட் காலையில் ஒன்றேனும் எஞ்சவில்லை.

அந்நீரிற் சிறிதைப் பீங்கான் ஒன்றில் வார்த்து வெயிலில் வைத்தேன். நீர் வற்றியபின் அடியில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. ஆனையிறவிலும் அம்பாந்தோட்டையிலும் உப்பளத்தார் செய்யும் தொழிலையே நான் என் வீட்டுத் தொட்டியிற் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பிடி ஒன்றுக்கு 35 கிராம் எனக் கொண்டாலும், பன்னிரண்டு கிழமையில் 420 கிராம் சேர்ந்துவிடும். என் தொட்டி கொண்ட நீரோ 45 லீற்றர். லீற்றருக்கு 9 கிராமுக்கு மேலாயிற்று. நன்னீர் மீனின் உடல்நீரில் உள்ள உப்பின் அளவும் ஏறக்குறைய அதுவே.

இவ்வளவு ஏன் கேடாகிறது? நன்னீர் மீனின் உடலினுள் உப்பு மிகுதி, வெளிநீரிற் குறைவு. ஆதலின் நீர் இடைவிடாது பூக்களின் வழியே உடலுட் புகுகின்றது. இதனைப் பிரசாரணம் என்பர். புகுந்த நீரைச் சிறுநீரகம் வெளியேற்ற, கசிந்துபோகும் உப்பைப் பூக்களிலுள்ள கலங்கள் வெளிநீரிலிருந்து மீட்டு இழுக்கின்றன. இவ்வேலைக்கென்றே அமைந்த உடல் அது. வெளிநீரின் உப்பு உடலின் உப்பை எட்டினால், அந்த ஏற்பாடு முழுவதும் நிலைகுலைகின்றது.

எனினும், இதே விதியினாலேயே உப்பு மருந்தாகவும் ஆகின்றது. தோலிலோ பூவிலோ புண்பட்ட மீன் உப்பை விரைந்து இழக்கும். அப்போது வெளிநீரிற் சிறிதளவு உப்பு இருப்பின், அதன் உழைப்புக் குறையும்.

மற்றொரு பயனும் உண்டு. புதிதாய் அமைத்த தொட்டியில் மீனின் கழிவு அமோனியாவாகிப் பின்னர் நைத்திரைற்று ஆகின்றது. இந்நைத்திரைற்று பூக்களின் வழியே புகுந்து இரத்தத்தைக் கபில நிறமாக்கி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு அதே வாயிலில் முந்தி நின்று நைத்திரைற்றைத் தடுக்கும். இதற்கு லீற்றருக்குக் கால் கிராம் உப்பே போதும். ஆயினும் உப்பு நஞ்சை நீக்குவதன்று. அதன் வழியை மறிப்பது மட்டுமே. நீரைப் பகுதி பகுதியாக மாற்றுவதும் உணவைக் குறைப்பதுமே மெய்யான பரிகாரம்.

மூன்றாவது பயன் வெண்புள்ளி நோயில். அதன் கிருமி மீனின் தோலுக்கு அடியில் உள்ளவரை உப்பு அதனைத் தீண்டாது. முதிர்ந்து அடியில் விழுந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாய்ப் பிரிந்து, அவை மீனைத் தேடி நீந்தும்போதே உப்பு அவற்றைக் கொல்லும். ஆகவே புள்ளிகள் மறைந்தவுடன் சிகிச்சையை நிறுத்தலாகாது. பத்து முதற் பதினான்கு நாள் தொடர்தல் வேண்டும். லீற்றருக்கு 2 கிராம் அளவை மூன்று பங்காக்கி, ஒன்றரை நாளிற் சிறிது சிறிதாகக் கரைத்து வாருங்கள். கெளுத்தி போன்ற செதிலற்ற மீன்கள் இருப்பின் இன்னும் மெதுவாகக் கூட்டி, அவை தளர்வதைக் கண்டால் நிறுத்திவிடுங்கள். நீர்ப்பூண்டுகள் பல இவ்வளவையும் தாங்கா. ஆதலின் நோயுற்ற மீனை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றி உப்பிடலாம். ஆயினும் வெண்புள்ளி தோன்றிய தொட்டியில் மற்றை மீன்கள் இருப்பின் அவற்றுக்கும் சிகிச்சை வேண்டும்.

அளவறிதல் எவ்வாறு? தொட்டியின் நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரிற் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் கிடைக்கும். மணலுக்கும் கல்லுக்கும் சிறிது கழித்துக்கொள்க. உப்பைக் கரண்டியால் அன்றித் தராசினால் நிறுத்தல் நன்று; கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே நிறை கொள்வனவல்ல. 'அயடீன் உப்பு மீனைக் கொல்லும்' என்போர் உளர். அதிலுள்ள அயடீன் மிகச் சொற்பம், அஞ்ச வேண்டுவதில்லை. வேறு பொருள் கலவாத உப்பாக இருத்தலே வேண்டுவது.

வற்றிய நீருக்கு ஈடாக வெறும் நன்னீரையே வாருங்கள். நீரை எடுத்து மாற்றும்போது மட்டும், எடுத்த நீரோடு போன உப்பை ஈடுசெய்தால் போதும். லீற்றருக்கு 2 கிராம் கரைந்த தொட்டியிலிருந்து 10 லீற்றர் எடுத்தால் 20 கிராம் போயிற்று என்று கொள்ளுங்கள். நோய் தீர்ந்தபின் உப்பிடாத நீரால் மாற்றி மாற்றி அதனை வெளியேற்றிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு ஒரு சொல். சுண்ணக்கல்லை ஊடறுத்து வரும் நம் கிணற்று நீர் வன்னீர். கடலோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் உவருமாகும். அந்நீரைத் தொட்டியில் வார்ப்பவர் தம்மை அறியாமலே உப்பிட்டவராவர். முதலில் நீரை நாவிற் சுவைத்துப் பாருங்கள். கப்பி மீன் வன்னீரை விரும்புவதால் உப்பையும் விரும்பும் என்றெண்ணி விடாதீர்கள். அது வேண்டுவது சுண்ணம், சோறாக்கும் உப்பன்று.

இறந்த அவ்வொன்பது மீன்களுக்குப் பின் என் வீட்டில் மீன்களுக்கான உப்புப் போத்தல் அடுப்பங்கரையை விட்டு மருந்துப் பெட்டிக்கு இடம் மாறிவிட்டது. அதன்மேல் ஒட்டிய தாளில் தொட்டியின் கொள்ளளவையும், கடைசியாக இட்ட உப்பின் நிறையையும், திகதியையும் எழுதி வைத்திருக்கின்றேன். நீங்களும் அவ்வாறே செய்து வைப்பீர்களாயின், உங்கள் பிள்ளைகள் காலையிற் கண்விழித்துத் தொட்டியருகே ஓடிவரும்போது மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும்.