திண்டுக்கல் காட்டிய வழி

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கவைத்து, பஞ்சில் தொட்டு, கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் பொறுத்து வெளிச்சத்தில் பார்த்தால், சந்தேகப்படும் இடம் திட்டாக வெளுத்திருக்கும். வெளுத்ததெல்லாம் புற்றுநோய் அல்ல, பயப்படாதீர்கள். சதைத்துணுக்கை எடுத்துச் சோதித்துத்தான் உறுதி செய்வார்கள். ஆரம்ப மாற்றம் என்றால், அந்த இடத்தை உறையவைத்தே அழித்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ல் தொடங்கிய ஆய்வில் பயிற்சி பெற்ற நர்சுகளே இந்தச் சோதனையைச் செய்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே இந்நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்ததை 2007-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. எவ்வளவு பெரிய விஷயம்!

மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டால், அது இந்நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்; வெட்கப்படாமல் உடனே டாக்டரைப் பாருங்கள், அம்மா.