கைப்பிடி அரிசியில் வளர்ந்த திருச்சபை



தோட்டத்தில் கோயில் திருவிழா என்றால் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி நமக்கெல்லாம் தெரியும். வசூல் கணக்கு யார் கையில்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டின் தென்கோடியில் திருநெல்வேலிச் சீமையில் ஒரு திருச்சபை ஊர் ஊராக உருவான வரலாற்றை இன்று பார்ப்போம். நேயர்களில் பல சமயத்தவரும் உண்டு. ஏழை மக்கள் கூடி ஓர் அமைப்பைக் கட்டிய வரலாறு என்ற முறையில் இதை எல்லோரும் கேட்கலாம்.

பாளையங்கோட்டையில் அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு விதவைப் பெண். தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டிய பிராமண குலத்தவர். ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரோடு வாழ்ந்து, அவர் இறந்த பின் 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா என்று பெயர் கொண்டார். 1780-ல் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர்தான். 1785-ல் அவர் முயற்சியால் எழுந்த கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊரார் அழைத்து வந்திருக்கிறார்கள்.

பின்னர் பனையேறும் மக்கள் திரளாகச் சபையில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களுக்குத் தொல்லையும் வந்தது. வீடு எரிந்தது, வேலை போயிற்று. எங்கே போவது? 1799-ல் சாத்தான்குளத்துக்கு அருகே நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார்கள். இதில் முன்நின்றவர் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார். அதுவே முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு. ஆதலால் முதலூர் என்று பெயர் பெற்றது.

1820-ல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் ஜெர்மானியர், அனுப்பியதோ இங்கிலாந்தின் சர்ச் மிஷனெரி சங்கம். தமிழை ஆழக் கற்று இலக்கணம் எழுதியவர். அவர் காலத்தில் நூற்றுக்கணக்கான கிராமங்களில் சபைகள் தோன்றின. ஒரு மனிதர் இத்தனை ஊரை எப்படிப் பார்க்க முடியும்? ஊருக்கு ஓர் உபதேசியாரை வைத்தார். பல இடங்களில் பள்ளிக்கூடமும் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவார் உபதேசியார். மற்ற நாளில் எழுத்தறிவிப்பார். சண்டை வந்தால் சமாதானம் பேசுவார். மனு எழுதித் தருவார். நாங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள். இந்த உபதேசியாரின் வேலைப் பட்டியலைப் படிக்கும்போது எங்களுக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பெருமையும் வருகிறது.

1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றை ரேனியஸ் ஏற்படுத்தினார். துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலமும் மனையும் வாங்கித் தருவது அதன் வேலை. 1834-ல் கைம்பெண்கள் நிதி தொடங்கியது. ஊழியர்கள் தங்கள் சம்பளத்தில் சிறு பகுதியைக் கட்டி வர, ஊழியர் இறந்தால் மனைவிக்கு அதிலிருந்து உதவி கிடைக்கும். நம் நாட்டில் ஊழியர் சேமநிதி வருவதற்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்ட ஏற்பாடு இது.

புதிய ஊர்ப் பெயர்களிலேயே வரலாறு இருக்கிறது. பிரஷ்யா நாட்டில் டோனா என்ற பிரபு பணம் அனுப்பினார். வாங்கிய ஊர் டோனாவூர் ஆயிற்று. சாயர் என்பவர் பெயரால் சாயர்புரம். மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் என்பவை நம்பிக்கையின் பெயர்கள். மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரத்தின் உயரம் 192 அடி. சுற்றிலும் செம்மணலும் பனையுமாய் இருக்கும் தேரிக்காட்டில் அப்படி ஒரு கோபுரம்!

சரி, உபதேசியாருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் பெரும்பகுதி சீமையிலிருந்து. மெல்ல மெல்ல உள்ளூரிலிருந்தும் வரத் தொடங்கியது. அதற்கு வழி கண்டவர்கள் அடுப்படியில் இருந்த பெண்கள். சோறு பொங்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவார்கள். கலயம் நிறைந்ததும் அரிசி கோயிலுக்குப் போகும். அது விற்றுப் பணமாகும். பண்டிகை வந்தால் முதல் விளைச்சல், வாழைத்தார், கோழி, முட்டை எல்லாம் காணிக்கையாக வந்து ஏலத்துக்குப் போகும். கூலி வேலை செய்கிறவள் ரொக்கம் தர முடியாது. ஒரு பிடி அரிசி தர முடியும். அந்தப் பெண்களுக்குச் சபைக் கமிட்டியில் இடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பணம் உள்ளூரில் சேர்ந்தது. அதிகாரம்? அதில்தான் சிக்கல். ரேனியஸ், உபதேசிமாரில் தகுதியானவர்களுக்கு அத்தியட்சர் வழியாக அன்றித் தாமே குருப்பட்டம் கொடுக்கலாம் என்றார். ஆங்கிலத் திருச்சபை முறைகளைக் குறைகூறி எழுதவும் செய்தார். 1835-ல் சங்கம் அவரை நீக்கியது. அவர் வெளியேறினார், மக்களில் பலர் அழைக்கவே திரும்பி வந்தார். உபதேசிமாரும் ஊர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். 1838-ல் அவர் இறந்த பிறகுதான் பிளவு பெரும்பாலும் ஆறியது.

இன்னொரு பிளவு உள்ளூரிலேயே எழுந்தது. 1841-ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயரை, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவர் என்று நாம் அறிவோம். அவரே 1849-ல் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் அம்மக்களைப் புண்படுத்தியது. 1857-ல் நாசரேத்து வட்டாரத்தில் சட்டம்பிள்ளை என்னும் அருமைநாயகம் வெள்ளையர் தலைமை வேண்டாம் என்று பிரிந்து, சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்ட தனிச்சபை கண்டார். பெரிய அறிஞர் எழுதியது என்பதற்காக அந்தப் புண் சிறிதாகிவிடாது என்பதே எங்கள் கருத்து.

இலண்டனில் சங்கச் செயலாளராக இருந்த ஹென்றி வென், உள்ளூர்ச் சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார். 1860-களின் இறுதியில் திருநெல்வேலியில் உள்நாட்டுச் சபை மன்றங்கள் அமைந்தன. தமிழ்க் குருமாரும் சபையாரின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்து வரவு செலவு பார்த்தார்கள். ஆனாலும் இறுதி அதிகாரம் வெகுகாலம் வெள்ளையரிடமே இருந்தது.

1877-ல் சார்ஜென்ட், கால்டுவெல் இருவரும் உதவி அத்தியட்சர்கள் ஆனார்கள். தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையும் அப்போதுதான். 1896-ல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனமாயிற்று. மார்லி முதல் அத்தியட்சர். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதற்குப் பணமும் ஆளும் இந்தியர்களுடையவை. அதன் தூண்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராக 1912-ல் அபிஷேகம் பெற்றவர் அவரே.

தோட்டத்து மக்களான நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றும் இதில் உண்டு. 1854-ல் இலங்கைக் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்குத் திருநெல்வேலி உபதேசிமார் சென்றார்கள். தமிழ்க் கூலி மிஷன் என்று அதற்குப் பெயர். செலவில் ஒரு பகுதியைத் துரைமார் ஏற்றார்கள். துரை பணம் கொடுத்தால் உபதேசியார் யார் பக்கம் பேசுவார் என்ற சந்தேகம் லயத்தில் இருந்தவர்களுக்கு எழாமலா இருந்திருக்கும்?

இந்தியா விடுதலை பெற்ற 1947-ல், செப்டம்பர் 27-ஆம் நாள், தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அன்று அதில் இருந்த 14 திருமண்டலங்களில் திருநெல்வேலி ஒன்று. அமைப்பு இப்படி: ஊரில் சபை, பல சபைகள் சேர்ந்து சேகரம், அதற்கு ஒரு சேகர குரு, ஒரு கமிட்டி, சேகரங்களுக்கு மேல் சபை மன்றம், எல்லாவற்றுக்கும் மேல் பேராயரைத் தலைவராகக் கொண்ட திருமண்டலப் பெருமன்றம். குருக்கள் அல்லாத சாதாரணச் சபையாரிலிருந்தே லே செயலர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள் நிறைய இருப்பதால் தேர்தலில் போட்டி கடுமை; வழக்கு மன்றம் வரை போவதும் உண்டு.

2003-ல் இத்திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. முதலூரும் மெஞ்ஞானபுரமும் சாயர்புரமும் புதியதில் சேர்ந்தன. பாளையங்கோட்டையும் டோனாவூரும் இடையன்குடியும் பழையதில் நின்றன.