ஆறாம் வகுப்பின் வாசலில் நம் பிள்ளைகள்

(தாராவியில் நமது சங்கத்தின் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வாரத்தில் ஒரு நாள்தான் நமக்கு ஓய்வு. தண்ணீர் பிடிப்பதும் துணி துவைப்பதும் அந்த ஒரு நாளில்தான். அதையும் ஒதுக்கி வைத்துவிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம்மில் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். வண்டி மாறி வந்த அனுபவம் நமக்கு உண்டு. நேராக ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருப்பவன் தொலைந்து போவதில்லை. சந்திப்பில் இறங்கி, அடுத்த வண்டி எந்த மேடை என்று தெரியாமல் மூட்டை முடிச்சோடு நிற்கிறவன்தான் தொலைந்து போகிறான். படிப்பிலும் இதே கதைதான். நம் பிள்ளைகள் வகுப்புக்குள் இருக்கும்போது படிப்பை விடுவது குறைவு. ஒரு பள்ளி முடிந்து இன்னொரு பள்ளிக்குப் போகிற இடத்தில்தான் கை நழுவிப் போகிறார்கள்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். நமது பகுதிப் பெண் ஒருத்தி, தமிழ்வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. மே மாதம் குடும்பம் ஊருக்குப் போயிற்று. கோயில் கொடையெல்லாம் முடிந்து ஜூன் கடைசியில் திரும்பினார்கள். பள்ளி திறந்துவிட்டது. புதிய பள்ளியில் "எல்.சி. கொண்டு வா" என்றார்கள். பழைய பள்ளியில் "அடுத்த வாரம் வா" என்றார்கள். தகப்பனார் மூன்று நாள் கூலியை விட்டு அலைந்தார். நாலாம் நாள் போகவில்லை. போகவில்லை என்று அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. தாயார் வீட்டு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளாயிற்று என்று அந்தப் பெண் வீட்டோடு நின்றுவிட்டாள்.

இது நமக்கு எப்போது தெரிந்தது? தீபாவளிக்கு முன் சந்தா வாங்க அந்த வீட்டுக்குப் போனபோதுதான். சந்தாவுக்கு வீட்டு வாசல் தெரிந்த சங்கத்துக்கு, அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகாதது நான்கு மாதமாகத் தெரியவில்லை! இது நமது தவறு. அதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கூட்டத்தையே கூட்டினோம். பிறகு நாம் போய்ப் பேசி அவளைச் சேர்த்தோம். இப்போது படிக்கிறாள். ஆனால் இழந்த நான்கு மாதத்தை இன்னும் அவளால் ஈடுகட்ட முடியவில்லை.

இத்தனைக்கும் சட்டம் யார் பக்கம்? 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரை எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது. ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இல்லையானால், வேறு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறிக்கொள்ள உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழை, அதாவது நாம் இங்கே எல்.சி. என்கிறோமே அதை, பழைய பள்ளி உடனே தரவேண்டும். அது வரத் தாமதம் என்று சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுச் சான்று இல்லை என்று சொல்லியும் மறுக்க முடியாது. இது யாரும் போடும் பிச்சை அல்ல, சட்டம் தந்த உரிமை. அந்தத் தகப்பனாருக்கு இது தெரிந்திருந்தால், கூட ஒரு ஆள் நின்றிருந்தால், அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, காலம். ஊருக்குப் போக ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. அந்த நாளை விரலில் எண்ணிக்கொண்டிருந்து, விடியுமுன்பே வரிசையில் நிற்கிறோம். பிள்ளையின் சேர்க்கைக்கு அப்படி ஒரு நாள் நின்றிருக்கிறோமா? பள்ளி மாறும் இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சில பள்ளிகள் நாலாம் வகுப்போடு நிற்கின்றன, சில ஐந்தோடு, சில ஏழோடு. உங்கள் பிள்ளையின் பள்ளி எதோடு நிற்கிறது என்பதை இன்றே கேட்டு வையுங்கள். கடைசி வகுப்புத் தொடங்கும்போதே அடுத்த பள்ளி எது என்று முடிவாக வேண்டும். எல்.சி.க்கு மனுக் கொடுத்துவிட்டு, சேர்க்கைக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வண்டி ஏறுங்கள். பள்ளி திறக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு, அதற்கு முன்னால் திரும்பி வரச் சீட்டெடுங்கள்.

இரண்டாவது, பெயர். இங்கே படிவத்தில் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கேட்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் ஒரு தாளில் தலையெழுத்து, இன்னொன்றில் ஊர்ப் பெயர், ரேஷன் கார்டில் வேறொன்று என்று ஒரே பிள்ளை மூன்று ஆளாகிவிடுகிறான். பத்தாம் வகுப்புத் தேர்வுச் சமயத்தில் இது கழுத்தைப் பிடிக்கும். பள்ளியை விட்டு வந்தபின் திருத்துவது பெரும்பாடு. படிக்கும்போதே பிறப்புச் சான்றிதழையும் பள்ளிப் பதிவேட்டையும் ஒப்பிட்டுத் திருத்தி வாங்குங்கள்.

மூன்றாவது, மொழி. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. ஆனால் மேலே போகப் போகத் தமிழ்வழி சுருங்குகிறது. பிள்ளை மராத்திக்கோ இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ மாற வேண்டி வருகிறது. அங்கே என்ன நடக்கிறது? மீச்சிறு பொது மடங்கு என்றால் நம் பிள்ளைக்குத் தெரியும். மராத்தி வகுப்பில் அதை 'லசாவி' என்கிறார்கள். பரப்பளவை 'க்ஷேத்ரஃபள்' என்கிறார்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை, சொல் தெரியாமல் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறான். இரண்டு மாதத்தில் அவனுக்கு 'மந்தம்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வீட்டிலே நாமும் அதை நம்பிவிடுகிறோம். அவன் மந்தம் அல்ல, தோழர்களே! சொல் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுவோம். ஒன்றில் தமிழ்ச் சொல், அடுத்ததில் மராத்தி, மூன்றாவதில் ஆங்கிலம். ஒரு நாளைக்கு ஐந்து சொல். கடைசி வகுப்பு ஆண்டு முழுவதும் எழுதினால், புதிய பள்ளியில் முதல் நாளே பிள்ளைக்கு வாய் திறக்கும். மராத்தி நமக்குப் பகை அல்ல. பெண்களுக்காக 1848-ல் புனேயில் பள்ளி திறந்த ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பேசிய மொழி அது. அதையும் கற்போம், தமிழையும் விடமாட்டோம்.

நான்காவது, வழி. புதிய பள்ளி தூரமாக இருக்கும். பள்ளி திறக்குமுன்பே ஒரு நாள் பிள்ளையோடு நடந்து போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் சாலை கடப்பது என்று காட்டுங்கள். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கவே கூடாது, மேம்பாலம்தான் வழி என்று பழக்குங்கள். ரயிலில் போகும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பள்ளி வரை இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். ஆண் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை, பெண் பிள்ளைக்குப் பட்டப்படிப்பு வரை உண்டு. பள்ளியின் சான்றுத் தாள் வேண்டும். தெரியாததனால் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தாவது, வீடு. இதைத் தாய்மார்களிடம் மட்டும் சொல்லவில்லை, ஆண்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கிறோம், எங்கே படிப்பது? மாலை ஏழு முதல் எட்டு வரை ஒரு மணி நேரம் டி.வி.யையும் போனையும் நிறுத்தலாம். அதற்குச் செலவு இல்லை. பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று படிப்பை நிறுத்தாதீர்கள். சேர்க்குமுன் அந்தப் பள்ளியில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று தாயார் நேரில் பாருங்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது 2016-ல் திருத்திய சட்டப்படி குற்றம். பையன் பட்டறையில் கொண்டுவரும் நாற்பது ஐம்பது ரூபாய், அவன் வாழ்நாள் முழுவதும் அதே பட்டறையில் குனிந்திருக்க நாம் வாங்கும் முன்பணம்.

கடைசியாக, சங்கம். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. அந்த நாற்காலிகளில் நம்மவர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்? கைநாட்டுப் போடுகிறவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று ஒதுங்காதீர்கள். கழிப்பறைக்குக் கதவில்லை என்று சொல்லப் படிப்புத் தேவையில்லை.

இன்று முதல் ஒவ்வொரு சந்துக்கும் இரண்டு பேர் பொறுப்பு. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பள்ளி மாறுகிறது என்று பட்டியல் எடுப்போம். எல்.சி.க்கு அலையும் தகப்பனாரோடு சங்கத்து ஆள் ஒருவர் கூடப் போவார். ஒருவர் கூலியை இழந்தால், மறுநாள் மற்றவர் போவார். ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை அதே பட்டியலோடு வீடு வீடாக வருவோம். சந்தா கேட்க அல்ல, "பிள்ளை பள்ளிக்குப் போகிறதா?" என்று கேட்க.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நான்கு மாதம் தாமதமாகப் போனோம். இனி எந்த வீட்டுக்கும் அப்படித் தாமதமாகப் போகமாட்டோம் என்று இங்கே கூடியிருக்கும் அத்தனை பேரும் உறுதி எடுத்துக்கொள்வோம்.