வணிகக் கடிதமும் நம் இளைஞரும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்லூரியில் வணிகவியல் பயிலும் மாணவர்க்கு வணிகக் கடிதத் தொடர்பு என்றொரு பாடம் உண்டு. விசாரணைக் கடிதம், விலைப்புள்ளி, கொள்முதல் ஆணை, புகார்க் கடிதம், நிலுவைத் தொகை கேட்கும் கடிதம் என அதில் பல பிரிவுகள். இராஜபாளையத்தில் ராஜூக்கள் கல்லூரி 1973ஆம் ஆண்டிலும், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்வி நிறுவனம் 1984ஆம் ஆண்டிலும் தோன்றிய பிறகு, நம் வீட்டுப் பிள்ளைகள் வெளியூர் செல்லாமலே பட்டப் படிப்பை எட்டும் வழி ஏற்பட்டது. மகிழத்தக்க மாற்றம்தான். ஆயினும் மேற்சொன்ன பாடத்தை நம் மாணவர் பலர் எப்படிப் படிக்கின்றனர்? கடிதத்தின் உறுப்புகள் யாவை என்ற வினாவுக்கு விடையை நெட்டுருச் செய்து, மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுகின்றனர். நம்மைப் போன்ற மக்களுக்கு மற்றெல்லாப் பாடங்களைக் காட்டிலும் இதுவே உடனடிப் பயன் தரவல்லது என்பது என் துணிபு. ஏன் என்று கூறுகிறேன்.

நம் முன்னோர் பேசாதவர் அல்லர். வாய்ச்சொல்லாகவே கூலி பேசினர், வாய்ச்சொல்லாகவே குத்தகை பேசினர். வழக்கென்று வந்தபோது காகிதம் வைத்திருந்தவன் வென்றான்; சொல்லை மட்டும் வைத்திருந்தவன் தோற்றான். இந்த நிலையை முதலில் உணர்ந்து செயலாற்றியோருள் ஒருவர் இரட்டைமலை சீனிவாசனார். அவர் தொடக்கத்தில் நீலகிரியில் ஐரோப்பியரின் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணி புரிந்தவர் என்பதை நம் இளைஞர் பலர் அறியார். கணக்கேடும் கடிதக் கட்டும் அவர் கைக்குப் பழகியவை. 1893ஆம் ஆண்டில் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். சிவில் சர்வீஸ் தேர்வு பற்றிய விவாதம் எழுந்த காலத்தில், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு ஒன்றை இலண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பச் செய்தார்.

1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டு வந்த தீர்மானத்தை எடுத்துப் பாருங்கள். ‘எங்களை இழிவாக நடத்துகிறார்கள், இரங்குங்கள்’ என்று அது கெஞ்சவில்லை. பொதுச் சாலை, தெரு, நடைபாதை, கிணறு, குளம், அரசு அலுவலகம் என்று இடங்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்திற்று. எந்த வகுப்பினரும் அங்குச் செல்லத் தடையில்லை என்று அறிவிக்கக் கேட்டது. அவ்வாண்டே அஃது அரசாணையாகவும் வெளிவந்தது. ஊர்கள் உடனே பணிந்துவிடவில்லை என்பது வேறு கதை. ஆயினும் ஒரு பொருளை ஐயத்துக்கு இடமின்றி எழுதுவது எப்படி என்பதற்கு, எந்த வணிகக் கடிதப் பாடநூலையும்விட அந்தத் தீர்மானத்தையே நான் எடுத்துக்காட்டாகக் கூறுவேன்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. நம் இளைஞன் ஒருவன் நான்கு விசைத்தறி போட்டு இத்தொழிலில் இறங்குகிறான் என்று கொள்வோம். வெளியூர் வணிகர் தொலைபேசியில் சரக்குக் கேட்கிறார், அனுப்பி விடுகிறான். நாள்கள் பல சென்றும் பணம் வரவில்லை. கடிதம் எழுதுகிறான்: ‘கனம் ஐயா அவர்களுக்கு, தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. நெடுநாளாகத் தாங்கள் தர வேண்டிய பணம் வராததால் மிகவும் கஷ்டப்படுகிறேன். கருணை கூர்ந்து அனுப்பி உதவ வேண்டுகிறேன்.’ இதில் எவ்வளவு பணம்? எந்தச் சரக்குக்கு? என்று அனுப்பியது? ஒன்றுமில்லை. கஷ்டம் மட்டுமே இருக்கிறது. பெறுகிறவர் இரக்கப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அதே கடிதத்தை இப்படி எழுதட்டும்: ‘தாங்கள் சூன் 3ஆம் நாள் தொலைபேசியில் கூறி, அன்றே என் கடிதத்தால் உறுதி செய்யப்பட்ட ஆணைப்படி, 400 உருளை பேண்டேஜ் துணி சூன் 10ஆம் நாள் தங்கள் கிடங்கில் ஒப்படைக்கப்பட்டது. பெற்றுக்கொண்ட கையொப்பத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. உருளை ஒன்றுக்கு ரூ.96 வீதம் தொகை ரூ.38,400. இத்தொகையைச் சூலை 25ஆம் நாளுக்குள் செலுத்த வேண்டுகிறேன்.’ எண்ணிப் பாருங்கள், இதில் ஒரு கடுஞ்சொல் உண்டா? இல்லை. ஆனால் இதைக் கிழித்துப் போட எவருக்கும் கை வராது.

காரணம், இதன் பின்னால் சட்டம் நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்குப் பெற்றவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கலாகாது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கொடுத்தாக வேண்டும். இதற்கென்று அமைந்த மன்றத்தில் முறையிடலாம். ஆனால் தொழில் தொடங்கும்போதே உதயம் பதிவு செய்திருக்க வேண்டும். ஆணை, ஒப்படைப்பு, பட்டியல் ஆகிய மூன்றுக்கும் தேதியிட்ட சான்று கையில் இருக்க வேண்டும். இல்லாதவனுக்குச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இக்காலத்தில் ஆணைகள் வாட்ஸ்அப்பிலும் வருகின்றன. தவறில்லை. மின்னணு ஆவணங்களுக்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பு அளிக்கிறது. குரலாக வந்ததை அன்றே எழுத்தாக்கி, ‘தாங்கள் கூறியவாறு’ என்று தொடங்கித் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவர் மறுக்காவிட்டால் அதுவே உங்களுக்குத் துணைச் சான்று. பெரிய கடிதங்களை அஞ்சலில் அனுப்பி ஒப்புகை பெறுங்கள். பழைய பதிவஞ்சல் 2025ஆம் ஆண்டில் விரைவஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது என்பதை முதியோர் அறிந்துகொள்ள வேண்டுகிறேன்.

‘தாழ்மையுடன்’ என்ற சொல்லைப் பற்றித் தனியே சில வார்த்தை சொல்லியாக வேண்டும். மனு எழுதிக் கொடுப்போர் வழிவழியாகக் கையாண்டுவரும் சொல் அது. பிறர் எழுதினால் வெறும் சம்பிரதாயம். நாம் எழுதினால் படிப்பவர் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்ளும் ஊர்கள் இன்னும் உள்ளன. மரியாதை வேறு, தாழ்மை வேறு. ‘ஐயா’ என்று விளியுங்கள், ‘தங்கள்’ என்று எழுதுங்கள், ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடியுங்கள். போதும். தமிழக அரசின் கடிதத் தலைப்பில் இலங்கும் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று சொல்லிக்கொள்வது நம் வட்டாரத்தின் நெடுநாள் பெருமை. அந்தக் கடிதங்களில் யாரும் எவரிடமும் கெஞ்சுவதில்லை. பொருள், பார்வை, செய்தி, கையொப்பம், அவ்வளவே. அந்த நடையை நாமும் கைக்கொள்ளலாம்.

எழுத்துக்கு அடுத்தது பேச்சு. நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகளைத் திணற வைக்கும் வினா கணக்கியலிலிருந்து வருவதில்லை. ‘எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கேட்பவரின் நோக்கம் நமக்குத் தெரியும். அப்பொழுது குரல் தாழ்ந்துவிடுகிறது. அடுத்து வரும் எல்லா விடைகளும் தாழ்ந்த குரலிலேயே வெளிவருகின்றன. ‘ஸ்ரீவில்லிபுத்தூர் ஐயா, முழு முகவரி விண்ணப்பத்தில் உள்ளது’ என்று அதே குரலில் கூறிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து அடுத்த வினாவுக்குக் காத்திருங்கள். இதற்குப் பயிற்சி வேண்டும். ஒருவரையொருவர் அதிகாரியாக அமர்த்தி, அந்த வினாவையே பத்து முறை கேட்கச் சொல்லிப் பழகுங்கள். நாற்காலியின் நுனியில் அமராதீர்கள்.

நன்றாக எழுதவும் பேசவும் கற்றுவிட்டால் எல்லாக் கதவும் திறந்துவிடுமா என்று ஓர் இளைஞர் கேட்கக்கூடும். திறவா. அண்ணல் அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் 1918 முதல் 1920 வரை அரசியல் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்றவர். அங்கேயும் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடலாகாது என்றவர்கள் இருந்தனர். அதற்கு முன்னர், பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது. அவர் ஆங்கிலத்தில் குறை காண எவரால் இயலும்? ஆகவே திறமை இருந்தால் சாதி குறுக்கே வாராது என்று உபதேசிப்போரை நான் நம்புவதில்லை. ஆயினும் அண்ணல் அதே 1920ஆம் ஆண்டில் ‘மூக்நாயக்’ இதழை வெளிக்கொணர்ந்தார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இன்றும் அப்படித்தான். நடுவணரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் ஆணை கூறுகிறது. பல ஆண்டுகளில் அந்த அளவு எட்டப்படவில்லை. ஏன் எட்டப்படவில்லை என்று ஒரு நிறுவனத்தைக் கேட்க, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணமும் ஒரு பக்கக் கடிதமும் போதும். முப்பது நாளில் விடை தர வேண்டும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023ஆம் ஆண்டில் வந்தது. முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் தருகிறது. அதற்கும் திட்ட அறிக்கை எழுதியாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் சுவையை உலகறியும். அதற்கும் விண்ணப்பம் எழுதிய பின்னரே புவிசார் குறியீடு 2019ஆம் ஆண்டில் கிடைத்தது.

ஆங்கிலம் வேண்டாவா எனின், வேண்டும். வெளிமாநில வணிகரிடம் தமிழ் செல்லாது. ஆனால் முதலில் தமிழில் தெளிவாக எழுதக் கற்றவனே ஆங்கிலத்தில் எழுத முடியும். யார், எது, எவ்வளவு, எப்போது என்ற நான்கும் தமிழில் குழம்பியிருந்தால் ஆங்கிலத்திலும் குழம்பியே இருக்கும். அலங்காரச் சொற்களைத் தேடி அகராதியைப் புரட்டாதீர்கள்.

சங்கத்தின் படிப்பகத்தில் இதற்கென ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரத்தில், பேண்டேஜ் துணிக்கு ஒரு விலைப்புள்ளியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொருவரும் எழுதி வாருங்கள். அகலம், நீளம், எடை, விலை, ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றில் எதுவும் விடுபடலாகாது. நகல் ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.